சிக்கிய தாளும் சினந்த கையும்

ஒரே குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டும்போது நாம் முதலில் எதைத் தேடுகிறோம்? அதன் காரணத்தையா, அதற்குரிய குற்றவாளியையா?

இக்கேள்வி நீதிமன்றத்தில் எழுந்ததன்று. தத்துவ வகுப்பில் எழுந்ததுமன்று. திருநெல்வேலி டவுணில், ரத வீதி ஒன்றிலிருந்து பிரியும் சந்தில், நம் வீட்டு எழுதுமேசையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய அச்சுப்பொறியின் முன்னே எழுந்தது. இங்க்ஜெட் பிரிண்டர் என்று எல்லாரும் அழைக்கும் அச்சிறு பொறியை 2021 ஆம் ஆண்டு வாங்கினோம். கட்டுரைகளைப் படியெடுக்கவும், பங்கு மக்கள் சிலருக்கு விண்ணப்பங்களை அச்சிட்டுத் தரவும் மூன்றாண்டுகள் அது நமக்கு உண்மையாய் உழைத்தது. பின்னர் ஒருநாள் தாள் உள்ளே சிக்கியது. இழுத்தெடுத்தோம். சில வாரங்கள் சென்று மீண்டும் சிக்கியது. மழைக்காலம் தொடங்கியபின் நாலு தாளுக்கு ஒரு தாள் என்ற கணக்கில் சிக்கலாயிற்று. சிவப்பு விளக்கு மினுக்கும். 'பேப்பர் ஜாம்' என்ற அறிவிப்பு வரும். நமக்குச் சினமும் உடன் வரும்.

சின்னஞ்சிறு தொல்லைதான். ஆயினும் பெருந்துன்பங்களின்போது நம்மிடம் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்ளும் நற்குணங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று காட்டிக்கொடுப்பவை இத்தகைய சிறு தொல்லைகளே அன்றோ!

தாள் செல்லும் பாதை

நடந்ததைச் சொல்லுமுன், அப்பொறியினுள் ஒரு தாள் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

முன்னாளில் அலுவலகங்களில் இருந்த டாட் மேட்ரிக்ஸ் பொறிகளுக்குப் பக்கவாட்டில் வரிசையாகத் துளையிட்ட தொடர்தாள் இருந்தது. துளைகளில் பற்கள் மாட்டிக்கொண்டு தாளை இழுத்துச் செல்லும். தாளுக்கு விலகிச் செல்ல வழியில்லை. இன்றைய வீட்டுப் பொறிகளிலோ தனித்தனித் தாள்; துளை கிடையாது; பற்களும் கிடையாது. ஒரு ரப்பர் உருளை தாளின்மேல் படிந்து உராய்வினாலேயே அதை முன்னுக்கு இழுக்கிறது. அடியில் உள்ள சிறு பட்டையொன்று இரண்டாம் தாள் கூடவே வந்துவிடாதபடி பிடித்து நிறுத்துகிறது. முன்புறத் தட்டிலிருந்து புறப்பட்ட தாள், பொறியின் பின்புறம் சென்று அங்கே வளைந்து திரும்பி, மை தெளிக்கும் தலையின் அடியில் வரி வரியாக நகர்ந்து, முன்பக்கமே வந்து விழுகிறது. வழியில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. தாள் அதைத் தள்ளிச் செல்லும்போது, 'தாள் வந்துவிட்டது' என்று சென்சார் அறிகிறது. எதிர்பார்த்த நேரத்தில் அது தள்ளப்படாவிட்டாலும், தள்ளப்பட்டது மீண்டும் எழாவிட்டாலும், பொறி நின்றுவிடுகிறது.

ஆகவே 'தாள் சிக்கியது' என்ற ஒரே அறிவிப்புக்குப் பின்னால் பல வேறு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். தாள் புறப்படவே இல்லையென்றால், உருளையின்மேல் காகிதத்தூசு படிந்து அது வழுவழுப்பாகியிருக்கும். நாம் பயன்படுத்தும் வெள்ளைத் தாளில் வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் சுண்ணத்தூள் சேர்ப்பதுண்டு. அத்தூசு உருளையின் பிடியைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று தாள்கள் ஒன்றாய்ப் புறப்பட்டால், பிரிக்கும் பட்டை தேய்ந்திருக்கும். அல்லது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். தாள் கோணலாகச் சென்றால், பக்கத்து அணைப்புகள் தளர்ந்திருக்கும். அல்லது மிக இறுகியிருக்கும். எப்போதும் ஒரே இடத்தில் கசங்கினால், அவ்விடத்தில் ஏதோ ஒரு பொருள் தடுக்கிறது. தாளே உள்ளே இல்லாதபோதும் சிக்கியதாக அறிவிப்பு வந்தால், சென்சாரின் நெம்பு மாட்டிக்கொண்டிருக்கும். அல்லது மைத்தலை நகரும் வழியில் தடை இருக்கும். அந்தத் தலைக்குத் தன் இருப்பிடத்தை உணர்த்தும் மெல்லிய ஒளிபுகு பட்டையில் அழுக்குப் படிந்தாலும் இந்தப் பொய்ச்சாட்சி எழுவதுண்டு.

காரணம் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. ஆனால் அறிவிப்பு ஒன்றே. அதைக் கண்டதும் நம்முள் எழும் சினமும் ஒன்றே. நோயைக் காணாமல் மருந்தைத் தேடும் மருத்துவனை யாரும் நம்பமாட்டார்கள். நோயையும் அதன் வேரையும் அதைத் தணிக்கும் வழியையும் வரிசையாய் ஆராய்ந்தபின் செயற்படுமாறு வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்தியது உடல்நோய்க்கு மட்டும் உரியதன்று.

காக்கையும் பனம்பழமும்

நம் தெருவில் பிளஸ் டூ படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணி கரைபுரண்டபோது அவன் குடும்பம் சிந்துபூந்துறையில் குடியிருந்தது. வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் பாயையும் பாத்திரத்தையும் மட்டுமன்றி, தகரப்பெட்டியில் இருந்த சான்றிதழ்களையும் ஊறவைத்துவிட்டது. அதன்பின்னரே டவுணுக்குக் குடிவந்தார்கள். இழந்த சான்றிதழ்களுக்கு மாற்றுப்படி கேட்டும், கல்வி உதவித்தொகை கேட்டும் அவன் விண்ணப்பம் எழுதியவண்ணம் இருந்தான். அவற்றை நம் வீட்டில் அச்சிட்டுக்கொள்வான். பிறர் பொருளை வீணாக்கக் கூடாது என்று தாளைத் தானே வாங்கி வருவான். மைக்கும் காசு தர முன்வந்தவனை நாம்தான் தடுத்தோம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவன் அடிக்கடி வந்தான். அதே மாதங்களில்தான் பொறியும் அடிக்கடி நின்றது. ஒருநாள் மாலை, விண்ணப்பத்தைச் சேர்ப்பிக்க மறுநாளே கடைசி நாள் என்ற நிலையில், அவன் கண்ணெதிரே தாள் மீண்டும் சிக்கியது. "நீ கைவைக்கிற நாள்லதான் இது இப்படி ஆகுது. இனிமே ஜெராக்ஸ் கடையில போய் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டோம். குரலை உயர்த்தவில்லை என்று அப்போது நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். அவன் ஒன்றும் பேசாமல் தன் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, மழையில் இறங்கிப் போனான். உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த நம் இல்லத்தரசி, "அந்தப் பிள்ளை முகம் விழுந்துபோச்சு. பாத்தீங்களா?" என்றார். நாம் பார்க்கவில்லை. நம் கண் பொறியின்மேல் இருந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாதவர்கள் நாமல்லோம். எத்தனையோ மேடைகளில் பிறருக்கு அதை எடுத்துச் சொன்னதும் உண்டு. இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நடந்தால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று கொள்வது அறியாமை என்று எழுதியும் இருக்கிறோம். ஆயினும் பனம்பழம் நம் தலையில் விழும்போது, முதலில் நம் கண்ணுக்குப் படுவது காக்கையே.

கசங்கிய தாளின் சாட்சி

அவனை விலக்கியபின்பும் பொறி நின்றுகொண்டுதான் இருந்தது. விற்பனைக் கடையில் கேட்டபோது, "சரிசெய்யிற காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டாப் புதுசே வாங்கிடலாமே" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. கீழ ரத வீதிப் பக்கம் சிறு அறையொன்றில் இத்தகைய பொறிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் தூக்கிச் சென்றோம்.

அவர் திருகாணியைத் தொடவில்லை. "அண்ணாச்சி, சிக்குன பேப்பரு எங்க?" என்று கேட்டார். கசக்கி எறிந்துவிட்டோம் என்றோம். "எறிஞ்சிட்டியளா! அதுலல்லா எல்லாம் எழுதியிருக்கும்" என்று சொல்லி, நம் தாளிலேயே பத்துப் பன்னிரண்டை ஓட்டிப் பார்த்தார். மூன்று சிக்கின. மூன்றையும் பொறியின் மின்னிணைப்பை நீக்கிவிட்டு, பின்புற மூடியைத் திறந்து, இரு கைகளாலும் மெல்ல, தாள் போகும் திசையிலேயே நகர்த்தி எடுத்தார். மேசைமேல் அடுத்தடுத்து வைத்தார். மூன்றிலும் வலது மூலை ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் மடங்கியிருந்தது. பிறகு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, இடுக்கியால் உள்ளிருந்து ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, முக்கோண வடிவிலான ஒரு காகிதத் துண்டு.

"எப்பமோ ஒரு பேப்பர வெடுக்குன்னு இழுத்திருக்கிய. மூலை கிழிஞ்சு உள்ளயே தங்கிட்டு. வெயில் காலத்துல பேப்பரு வெறைப்பா இருக்கும், அது மேல ஏறிப் போயிரும். மழைக்குப் பேப்பரு பதமாகி வளையுது பாத்தியளா, அதான் இடிச்சிக்கிடுது."

துண்டை வாங்கிப் பார்த்தோம். அதில் ஒரு பக்க எண்ணும் அரைச் சொல்லும் அச்சாகியிருந்தன. அவை நம் கட்டுரையொன்றின் பழைய படியிலிருந்து வந்தவை. ஒரு பக்கம் அச்சான தாளை வீணாக்காமல் மறுபக்கத்தையும் பயன்படுத்துவது நம் வழக்கம். அம்மாணவன் எப்போதும் புதிய தாளையே கொண்டுவந்தான். ஆகவே அத்துண்டு அவனுடையதாக இருக்க வழியே இல்லை. நினைவைப் பின்னோக்கிச் செலுத்தினோம். ஆனித் தேர் முடிந்த வாரம், அவசரமாக ஒரு கட்டுரையை அனுப்பவேண்டிய இரவு, தாள் சிக்கியது, முன்பக்கத்திலிருந்து ஒரே இழுப்பாய் இழுத்தோம், 'பர்ர்' என்ற ஒலியுடன் தாள் வந்தது. முழுதும் வந்ததா என்று பார்க்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முந்தைய நம் சினத்தின் எச்சமே, பொறியினுள் இருந்துகொண்டு, ஒரு பிள்ளைமீது பழியாக மாறியிருந்தது.

தேரும் வடமும்

இழுப்பதே தீர்வு என்று நம் கை ஏன் நம்புகிறது? நெல்லையப்பர் ஆனித் தேரைப் பார்த்து வளர்ந்த டவுண் மக்களுக்கு, இழுப்பது மட்டும் போதாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூன் 21 அன்று தேரோட்டத்தில் வடம் அறுந்து தேர் நின்றதை ஊரே பார்த்தது. தேர் எந்தச் சமயத்தாருடையதாயினும், அது நின்றால் டவுண் முழுவதும் தவிக்கிறது. ஆயிரக்கணக்கான கைகள் முன்னே வடத்தை இழுக்கின்றன. ஆனால் பின்னே தடி போடுகிறவர்களும், சக்கரத்தின் அடியில் கட்டையை வைத்தெடுத்துத் திசைதிருப்புகிறவர்களும் இல்லாவிட்டால் அந்த வலிமை வடத்தைத்தான் அறுக்கும், தேரை நகர்த்தாது. அவர்கள் சக்கரம் எங்கே பதிந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறார்கள். எவ்வளவு வலிமை என்பது அவர்கள் கேள்வியன்று. எந்த இடத்தில், எந்தத் திசையில் என்பதே அவர்கள் கேள்வி.

பொறியிலும் அவ்வாறே. தாள் போகும் திசைக்கு எதிராக இழுத்தால் உருளைகளும் பற்சக்கரங்களும் எதிர்க்கின்றன, தாள் கிழிகிறது. கிழிந்துவிட்டால் எல்லாத் துண்டுகளையும் மேசையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் சொல்லித்தந்தார். முழுத்தாளின் நான்கு மூலைகளும் இருக்கின்றனவா? ஒரு மூலை குறைந்தால் அது உள்ளே இருக்கிறது. இன்று சும்மா இருந்தாலும் ஒருநாள் பேசும். மனிதருக்கிடையே வரும் பிணக்குகளிலும் இந்தக் கணக்கை நாம் பார்ப்பதில்லை. 'எல்லாம் பேசி முடித்தாயிற்று' என்று எழுந்துவிடுகிறோம். ஒரு மூலை உள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த மழையில் வேறு யாரோ வந்து அதில் இடித்துக்கொள்கிறார்கள்.

குறை பொருளிலா, பொருத்தத்திலா?

இங்கே இன்னொரு நுட்பத்தையும் எண்ணிப் பார்க்கலாம். துண்டு மட்டும் இருந்தபோது பொறி பெரும்பாலும் ஓடியது. ஈரம் மட்டும் இருந்த முந்தைய மழைக்காலங்களிலும் ஓடியது. இரண்டும் சேர்ந்தபோதே சிக்கல் பெருகியது.

காகிதம் என்பது மரத்தின் அல்லது கரும்புச் சக்கையின் நார்கள் பின்னிப் படிந்த மெல்லிய பாய். ஆலையில் அது ஓடிவரும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படிந்துகிடக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் மாறாது, குறுக்கே பருக்கும். ஒருபுறம் கூடுதலாகப் பருத்தால் தாள் வளையும். பத்தமடைப் பாய் நெய்கிறவர்களைக் கேட்டால் கோரை நீரை எப்படிக் குடிக்கும், எப்படி விடும் என்று விரலால் தொட்டே சொல்வார்கள். நாம் வாங்கும் ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர்; 75 கிராம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டரின் எடை அது. ஒரு தாள் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவே. அந்த மெல்லிய பொருள், திறந்த கட்டில் கார்த்திகை மழைக்காற்றைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தது. அப்படிக் கிடக்கவிட்டதும் நாமே.

ஆனால் ஈரம் தன்னளவில் காகிதத்துக்குப் பகையா? இல்லை. இதே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், என்ரிக்கே என்ரீக்கஸ் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586 ஆம் ஆண்டு அச்சானது என்று கருதப்படுகிறது. 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறி எட்டாண்டுகளே ஆகியிருந்த காலம். அக்காலத்துக் கையச்சு முறையில், மை நன்றாய்ப் பற்றுவதற்காகத் தாளை முதலில் ஈரப்படுத்தியே அச்சிடுவார்கள். அன்று அச்சுக்குத் துணைநின்ற ஈரம், இன்று உருளைகளுக்கிடையே தாளை வளைத்து நிறுத்துகிறது. குறை ஈரத்தில் இல்லை, தாளில் இல்லை, உருளையிலும் இல்லை. அவற்றுக்கிடையேயான பொருத்தத்தில் இருக்கிறது.

மனிதர்களைக் குறித்தும் இதைச் சொல்லலாமா? ஒரு வகுப்பில் மந்தமாகத் தோன்றும் பிள்ளை வேறொரு வகுப்பில் சுடர்விடுகிறான். ஒரு வீட்டில் முரடன் என்று பெயர் வாங்கியவன் வேறொரு வீட்டில் பரிவுள்ளவனாய் இருக்கிறான். 'இவன் இப்படித்தான்' என்று ஓர் ஆளின்மேல் முத்திரை குத்துமுன், எந்த ஈரத்தில், எந்த உருளைகளுக்கிடையே அவன் அவ்வாறு ஆகிறான் என்று பார்ப்பது நீதியின் முதற்படியாகும்.

காரணம் தேடினால் பொறுப்பு கரையுமா?

இவ்விடத்தில் வாசகர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். 'எல்லாவற்றுக்கும் காரணம் தேடிக்கொண்டே போனால், ஒருவருமே குற்றவாளி இல்லை என்றாகிவிடாதா? ஈரமும் துண்டும் பொருத்தமும் என்று பேசிப் பேசித் தப்பித்துக்கொள்வது எளிதாயிற்றே?'

நியாயமான தடைதான். ஆனால் நம் அனுபவம் அதற்கு நேர்மாறானது. பொறுப்பைக் கரைத்தது காரணத் தேடலன்று, சினமே. பழியை ஒருவன்மேல் போட்டவுடன் நம் தேடல் நின்றுவிட்டது. நம் கையின் பங்கு மறைந்துவிட்டது. காரணத்தைப் பொறுமையாய்த் தேடிய பெரியவரின் இடுக்கிதான் பொறுப்பை உரிய இடத்தில், நம் கட்டுரையின் பக்க எண்ணோடு, கொண்டுவந்து வைத்தது. உண்மையைச் சொல்வதாயின், மாணவன்மேலும் சிறு பங்கு இருந்தது. ஒருநாள் அவன் ஓரம் மடங்கிய தாளை வைத்ததையும் அது சிக்கியதையும் நாம் கண்டதுண்டு. அந்த ஒன்று அவனுடையது. மற்ற எல்லாவற்றையும் அந்த ஒன்றோடு சேர்த்து அவன் தலையில் ஏற்றியது நம்முடையது. அளவறிந்து பகிர்வதே நீதி. காரணத்தை அறியாமல் அளவை அறிவது எப்படி?

திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548 இல் ஒப்புதல் அளித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் புனித இஞ்ஞாசியார் கூறும் ஒரு பயிற்சி இங்கு நினைவுக்கு வருகிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரை. தவறும்போதெல்லாம் கோட்டில் ஒரு புள்ளி வை. முதற்கோட்டை இரண்டாம் கோட்டோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார் என்று அவர் வழிகாட்டுகிறார். நமக்கு வியப்பளிப்பது அதன் எளிமை. அழுகையில்லை; ஆத்திரமில்லை; புள்ளிகள் மட்டுமே. கசங்கிய தாள்களை எறியாமல் மேசையில் அடுக்கிய பெரியவர் அந்நூலை அறிந்திருக்க மாட்டார். ஆயினும் அவர் செய்தது அதுவே. நாம் நம் குறைகளைக் கசக்கி எறிகிறோம். அதனால் அவை எங்கே மடங்கின என்று அறியாமலே போகிறோம்.

எறிவது எளிது

புதிது வாங்கச் சொன்ன கடைக்காரரைக் குறைகூற மாட்டோம். இத்தகைய பொறிகள் மலிவாக விற்கப்படுகின்றன. வருவாய் பெரிதும் பின்னர் வாங்கும் மையிலிருந்தே வருகிறது. ஆகவே பொறியைப் பேணுவதைவிட மாற்றுவது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் எறியப்பட்டது எங்கோ போய்ச் சேரவேண்டும். நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் அச்சுப்பொறிகளும் அடங்கியுள்ளன. பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையும் மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல், வீசியெறியும் பண்பாட்டைச் சுட்டிக்காட்டும்போது, அப்பண்பாடு பொருள்களோடு நிற்காமல் மனிதரையும் அவ்வாறே நடத்தத் தொடங்குகிறது என்று எச்சரிக்கிறது.

அதைப் படித்தபோது தலையசைத்தோம். அது நம் வீட்டு எழுதுமேசைக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்று அப்போது அறியவில்லை. சில ஆயிரம் ரூபாய்ப் பொறியை எறிய நமக்கு மனம் வரவில்லை. மழையில் நனைந்தும் தூக்கிச் சென்றோம். யாராவது சரிசெய்ய மாட்டார்களா என்று அலைந்தோம். ஆனால் வெள்ளத்தில் சான்றிதழை இழந்து, நம் வாசற்படி ஏறிவந்த ஒரு பிள்ளையை விலக்க நமக்கு ஒரு வாக்கியம் போதுமானதாயிருந்தது. அவனை எந்தப் பெரியவரிடமும் கொண்டுபோய்க் காட்டவில்லை. எந்த டார்ச்சையும் அடித்துப் பார்க்கவில்லை.

பெரியவர் உருளைகளை நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்து, பொறியை மூடித் தந்தார். இருநூறு ரூபாய் வாங்கினார். "பேப்பரக் கட்டோட பிளாஸ்டிக் பைக்குள்ள வைங்க. மழைக்காலத்துல இருவது முப்பதுக்கு மேல தட்டுல வைக்காதீய. வைக்குமுன்ன ஓரத்த விசிறிவிட்டு, தட்டிச் சமமாக்கி வைங்க. ரெண்டு பக்கத்து அணைப்பும் பேப்பரத் தொடணும், நெரிக்கக் கூடாது" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் பொறிக்காக மட்டுமே சொன்னார். நாம்தான் வழியெல்லாம் அதை அசைபோட்டுக்கொண்டு வந்தோம்.

அன்று மாலையே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்றோம். துண்டையும் எடுத்துச் சென்றோம். தவறு நம்முடையது, அவன் மேல் வீண்பழி சுமத்திவிட்டோம் என்று அவன் தாயின் எதிரிலேயே சொன்னோம். "அதனால என்ன அண்ணாச்சி, பெரியவங்க சொன்னா ஒண்ணும் தப்பில்ல" என்று அந்த அம்மாள் காபி கலக்கப் போய்விட்டார். பையன் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அன்னிக்கு ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்துச்சு மாமா. ஜங்ஷன் வரைக்கும் நடந்தேன்" என்றான். அவ்வளவே. குற்றம்சாட்டும் தொனியில் அல்ல, நடந்ததைச் சொல்வதுபோல. விண்ணப்பம் உரிய நாளில் போய்ச் சேர்ந்ததாம்.

ஒருமுறை மடங்கிய தாளை எவ்வளவு நீவினாலும் அதன் நார்களில் மடிப்பு இருந்தே தீரும். அதை மீண்டும் பொறியில் இடக் கூடாது என்பது விதி. மனித மனமும் அப்படித்தானா, அல்லது அதற்கு வேறு விதி உண்டா? மன்னிப்பைக் கேட்பது நம் கையில் இருக்கிறது. மடிப்பு நீங்குவது நம் கையில் இல்லை. காத்திருப்பதையன்றி அங்கே நமக்கு வேறு வேலை கிடையாது.

மாசி மாதத்தில் ஒருநாள் அவன் வந்தான். கையில் புதிய தாள்கள். தட்டில் வைக்குமுன் ஓரத்தை விசிறி, மேசையில் தட்டிச் சமமாக்கினான். பெரியவர் நமக்குச் சொன்னதை நாம் அவனிடம் சொன்னதில்லை. அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அவன் எப்போதும் அப்படித்தான் வைத்துவந்தான் போலும். நாம்தான் ஒருநாளும் பார்த்ததில்லை. பொறி ஓடத் தொடங்கியதும் அவன் நம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் தாளைப் பார்த்தான். இம்முறை நாம் பொறியைப் பார்க்கவில்லை.